மலைப்பாதை வேனில் ஒரு டார்ச்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேட்டுப்பாளையத்தில் மூன்று வண்டிகள் வைத்து டிராவல்ஸ் நடத்தும் ஒருவரின் 12 இருக்கை வேனில் நடந்தது இது. வண்டி பெரும்பாலும் குன்னூர், ஊட்டிக்கு ஓடுகிறது. ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர், அந்த மலைப்பாதையில் நீண்ட அனுபவம் உள்ளவர். சீசனில் மட்டும் ஒரு கிளீனர் பையன் உடன் வருவான். நிகழ்வு நடந்த இரவு அவன் வண்டியில் இல்லை.

கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து நடக்கும். மற்ற மாதங்களில் இந்த வண்டி ஏறுவதும் இறங்குவதும் குன்னூர் பாதையிலுள்ள பர்லியாறு வழியாகவே. பல வளைவுகளில் மலைப்பக்கம் கருங்கல் வைத்துக் கட்டிய வடிகால் தார்ச்சாலையை ஒட்டியே ஓடுகிறது. தெருவிளக்கு கிடையாது. மழை மாதங்களில் குன்னூரை ஒட்டிய பகுதியில் மாலையிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும்.

வண்டியில் வெளிச்சத்துக்கு என்று மூன்று பொருள்கள் இருந்தன. டேஷ்போர்டு தட்டில் பெரிய செல் இரண்டு போடும் பழைய எஃகு டார்ச் ஒன்று. கிளவ் பாக்ஸுக்குள் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் ஏற்றும் பிளாஸ்டிக் விளக்கு ஒன்று. மூன்றாவது, ஓட்டுநரின் போன்.

அன்றிரவு நடந்தது

ஊட்டியிலிருந்து பயணிகளோடு இறங்கும்போது இரவு ஒன்பதைத் தாண்டியிருந்தது. வண்டி இரண்டாவது கியரில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு வலது வளைவில் தட்டிலிருந்த எஃகு டார்ச் நழுவி ஓட்டுநரின் காலடியில் விழுந்து, உருண்டு, பிரேக் பெடலின் பின்பக்கம் போய்ச் செருகிக்கொண்டது. அடுத்த முறை மிதித்தபோது பெடல் பாதியில் நின்றது.

ஓட்டுநர் செய்தது சரியான காரியம். இரண்டாவது கியரிலேயே வைத்துக்கொண்டார். ஹேண்ட்பிரேக்கின் நுனிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுத்தார். இடப்பக்கம் மலை என்பதால் வண்டியை அந்தப் பக்கம் ஒதுக்கினார். வண்டி நின்றது, யாருக்கும் காயமில்லை. ஆனால் ஒதுங்கியபோது இடது பின் டயரின் பக்கச்சுவர் வடிகால் கல்லின் விளிம்பில் உரசிக் கிழிந்தது. பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் போட முடியாது. ஸ்டெப்னி மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெடலுக்குப் பின்னாலிருந்து எடுத்த அதே டார்ச்சை அழுத்தினால் எரியவில்லை. கிளவ் பாக்ஸ் விளக்கு ஒரு நொடி மஞ்சளாக மினுங்கி அணைந்தது. போனில் எட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது, நாள் முழுக்க மேப் ஓடியதால். ஒரு பயணி தம் போனைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுநர் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டெப்னியை இறக்கும் போல்ட்டின் துளையைத் தேடினார். பிடித்தவர் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நின்றதால் ஓட்டுநரின் நிழலே துளையை மறைத்தது. தூறல் வேறு. கழற்றிய வீல் நட்டுகளில் ஒன்று வடிகாலுக்குள் உருண்டு போய்விட்டது. மீதி ஐந்து நட்டுகளையும் முறையாக இறுக்கி, மிக மெதுவாக மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தார்கள். நட் மறுநாள் பகலில் கிடைத்தது.

உரிமையாளரிடம் ஓட்டுநர் சொன்னது இவ்வளவுதான்: "லைட்டு மூணு இருந்துச்சுங்க தம்பி. எரியறதுக்குத்தான் ஒண்ணும் இல்லீங்க."

மறுநாள் பிரித்துப் பார்த்ததில்

எஃகு டார்ச்சின் பின்மூடியைக் கழற்றவே இடுக்கி தேவைப்பட்டது. உள்ளே இரண்டு துத்தநாக-கார்பன் செல்கள். ஒன்றின் மேலுறை உப்பிக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் பச்சையும் பழுப்புமாகத் துருவேறியிருந்தது. இவ்வகைச் செல்லில் வெளிக்கூடே துத்தநாகம். மின்சாரம் எடுக்க எடுக்கக் கூடு கரைந்து மெலிகிறது. தீர்ந்துபோன செல்லை உள்ளேயே விட்டால் கூடு ஓட்டையாகி உள்ளிருக்கும் கரைசல் கசியும். வெப்பம் அதை விரைவாக்கும். போதாததற்கு இரண்டு செல்களும் வெவ்வேறு நேரத்தில் வாங்கியவை. பழையதும் புதியதும் கலந்து போட்டால் பழையது முதலில் தீர்ந்து, புதியது அதன் வழியே தலைகீழாக மின்னோட்டத்தைத் தள்ளும். கசிவுக்கு அது நேர்வழி.

கிளவ் பாக்ஸ் விளக்குக்குள் இருந்தது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. சும்மா கிடந்தாலும் தானாகச் சார்ஜ் இறங்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காலியாகவே பல வாரம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏறவே ஏறாது. இந்த விளக்கைக் கடைசியாக எப்போது சார்ஜ் போட்டது என்று யாருக்கும் நினைவில்லை.

பெடல் விஷயத்தில் புதிராக எதுவும் இல்லை. தட்டின் முன்விளிம்பு ஒரு விரல் உயரம்கூட இல்லை. டார்ச் உருளை வடிவம், செல்லோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 300 கிராம். ஓட்டுநரின் காலடியில் கிடந்த ரப்பர் மேட்டும் பிடிப்பு போய்ப் பெடல் பக்கம் சரிந்திருந்தது. அதே தட்டில் தண்ணீர் பாட்டில் இருந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும்.

இந்த இடத்தில் உரிமையாளரின் முதல் எண்ணம், நல்ல வெளிச்சமான டார்ச் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிடலாம் என்பது. கடைப் பக்கங்களில் பல்லாயிரம் லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த இரவில் குறைந்தது வெளிச்சத்தின் அளவு இல்லை. செல் செத்திருந்தது, டார்ச் கூடாத இடத்தில் இருந்தது. எனவே முடிவெடுக்கும் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் இடம், பிறகு செல், கடைசியாகத்தான் டார்ச்.

இடம் தேடியது

மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டார்கள். சீட் பெல்ட்டைக் கழற்றாமல், கண்ணால் பார்க்காமல், ஓட்டுநரின் கை எட்ட வேண்டும். வெயில் நேராகப் படக் கூடாது. பிடிமானம் விட்டாலும் டார்ச் பெடல் பக்கம் போக வழி இருக்கக் கூடாது.

வண்டி பகலில் திறந்த வெளியில் நிற்கிறது. கம்பி முனை உள்ள சிறு டிஜிட்டல் வெப்பமானியை ஒரு வெயில் மதியம் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டியது. கதவுப் பையும் ஏறக்குறைய 60-ஐத் தொட்டது. ஓட்டுநர் சீட்டின் அடித்தகடு 50-க்குக் கீழேயே நின்றது. இந்த வித்தியாசம்தான் செல்லின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முன்கண்ணாடியின் ஓரத் தூணை மூடும் உறை கண்ணுக்கு எடுப்பான இடம். பலரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். திரை ஏர்பேக் (மோதலில் பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் பை) உள்ள வண்டியில் அந்த உறைக்குப் பின்னால்தான் பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். விரியும்போது முன்னால் இருக்கும் எதையும் தலையை நோக்கி எறிந்துவிடும். இந்த வேனில் அது இல்லை என்றாலும், ஒரே ஓட்டுநர் மூன்று வண்டியும் ஓட்டுவதால் பழக்கம் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டினால் பெடலுக்கு நேர் மேலே. கூரையில் மாட்டினால் வெப்பமும் அதிகம், விழுந்தால் தலையிலும் விழும். பின்கதவருகே, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். வேலைக்கு வசதிதான், ஆனால் வண்டி சாய்ந்தோ பின்கதவு நசுங்கியோ போனால் உள்ளே இருப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

முடிவான இடம்: ஓட்டுநர் சீட் பீடத்தின் இடப்பக்கத் தகடு, ஹேண்ட்பிரேக்குக்கு முன்னால். இடது கையைத் தொங்கவிட்டால் விரல் தானாகப் படும். சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்தி, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்துப் பார்த்து, எதுவும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு சாக்பீஸால் குறித்தார்கள்.

டார்ச் எந்தத் திசையில் படுத்திருக்க வேண்டும் என்பதையும் அப்போதே யோசிப்பது நல்லது. வண்டி ஓடும் திசைக்கு இணையாகப் படுத்தால், அடித்துப் பிரேக் போடும்போது அது தன் நீளவாக்கில் முன்னால் நழுவும். பிடிக்கும் வளையம் எதுவும் அந்தத் திசையில்தான் பலவீனம். 100 கிராம் டார்ச் மோதலின்போது 30 ஜி விசைக்கு, அதாவது புவியீர்ப்பைப் போல 30 மடங்குக்கு, ஆளானால் 3 கிலோ எடைபோல இழுக்கும். நின்றவாக்கில், தலை கீழே இருக்கும்படி வைத்தால் அந்த இழுப்பு பட்டையின் குறுக்கே விழும், பட்டை தாங்கும். தலை கீழே என்பதற்கு இன்னொரு காரணம்: எடுத்துத் திருப்பாமலே தரையை நோக்கி ஒளி விழும்.

செல்: வெயிலைத் தாங்குவது எது

சார்ஜ் ஏற்றும் லித்தியம்-அயன் செல்தான் இன்றைய பெரும்பாலான நல்ல டார்ச்சுகளில். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள 18650 அதில் பரவலானது. கையோடு வீட்டுக்கு எடுத்துப் போகும் டார்ச்சுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. வண்டியிலேயே ஆண்டு முழுக்கக் கிடக்கும் டார்ச்சுக்கு அது பொருந்தாது. முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால்தான் அந்தச் செல் வேகமாக மூப்படையும்: 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு ஓராண்டு கிடந்தால் கொள்திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். பாதிச் சார்ஜில் வைத்தால் இழப்பு குறையும். ஆனால் அவசரத்துக்கு வைத்திருக்கும் டார்ச்சைப் பாதிச் சார்ஜில் வைப்பதில் பொருளில்லை.

வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து எப்போதும் சார்ஜ் ஆகும் தாங்கியை வண்டி எலக்ட்ரீஷியன் பரிந்துரைத்தார். இரண்டு காரணங்களால் அது வேண்டாம் என்றானது. பொதுவாக லித்தியம்-அயன் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் வெப்ப எல்லை 45 டிகிரி. நிறுத்தி வைத்த வேன் அதைத் தினமும் தாண்டுகிறது. சாவி எடுத்தபின்னும் சாக்கெட்டில் மின்சாரம் இருந்தால் வண்டி பேட்டரி மெல்ல இறங்கும், சாவியோடு நின்றுபோகும் சாக்கெட் என்றால் ஓடாத நாள்களில் சார்ஜ் ஏறாது.

ஆல்கலைன் செல் மலிவு, பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் தீரும் நிலையில் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, அழுத்தத்தில் பாதுகாப்பு வாய் திறந்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வரும். டார்ச்சின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். சார்ஜ் ஏறும் நிக்கல் செல்லில் வெப்பத்தில் சார்ஜ் தானாக இறங்குவது அதிகம்.

எடுத்துக்கொண்டது சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் ஏஏ செல். இது 1.5 வோல்ட், லித்தியம்-அயனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளர் தரும் வெப்ப வரம்பு கழித்தல் 40 முதல் 60 டிகிரி வரை. ஆல்கலைன் ஏஏ சுமார் 23 கிராம் என்றால் இது 15 கிராம். கசிவு மிக அரிது. விலை பல மடங்கு. மேட்டுப்பாளையத்தில் கடையில் கிடைக்கவில்லை, வரவழைக்க வேண்டியிருந்தது. புதிதாக இருக்கும்போது இதன் மின்னழுத்தம் 1.8 வோல்ட் வரை காட்டும். ஆகவே டார்ச்சின் கையேட்டில் லித்தியம் ஏஏ போடலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். நான்கு வாங்கினார்கள்: இரண்டு டார்ச்சுக்குள், இரண்டு உறை பிரிக்காமல் முதலுதவிப் பெட்டியில்.

டார்ச்: எவ்வளவு வெளிச்சம் போதும்

செல் முடிவானதும் டார்ச்சின் வகை தானாகச் சுருங்கிவிட்டது: இரண்டு ஏஏ செல், நீளவாக்கில், அலுமினிய உடல்.

பெட்டியில் எஃப்எல்1 (டார்ச்சுகளை ஒரே முறையில் அளப்பதற்கான தரம்) அடையாளம் இருப்பதை மட்டுமே பார்வைக்கு எடுத்தார்கள். அந்த முறையில் லூமெனை விளக்கு எரியத் தொடங்கி 30 விநாடி கழித்து அளக்கிறார்கள். ஓடும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஒளி எட்டும் தூரம் என்பது 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவு வெளிச்சமளவுக்குத் தேயும் இடம் வரை. பெட்டியில் உள்ள கேண்டெலா (ஒரு திசையில் ஒளியின் செறிவு) எண்ணின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் அந்தத் தூரம் மீட்டரில் வரும். 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர். காகிதத்தில் 100 மீட்டர் என்றால் கண்ணுக்குப் பயன்படுவது பாதிகூட இருக்காது. வளைவுக்கு அந்தப் பக்கம் எப்படியும் தெரியாத சாலையில் 300 மீட்டர் எட்டும் டார்ச்சுக்குச் செலவழிப்பது வீண்.

கேட்டது இவை: 200 முதல் 300 லூமென் வரை ஒரு நிலை, 30 முதல் 50 லூமென் வரை ஒரு நிலை. டயர் மாற்றவும் ஃபியூஸ் பார்க்கவும் இரண்டாவதே போதும். கிட்ட வேலையில் அதற்கு மேல் போனால் பெயின்ட் பளபளத்துக் கண்ணைக் கூசும். ஐபிஎக்ஸ்7, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவது. நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி, சிஆர்ஐ 90-க்கு மேல். கடைசியது ஆடம்பரம் போலத் தோன்றும். வண்டிக்கு அடியில் சொட்டுவது எண்ணெயா, கூலன்ட்டா, பிரேக் திரவமா என்று இரவில் பிரித்துப் பார்க்க நிறம்தான் துணை; நீலம் பாய்ந்த மலிவு எல்இடியில் பழுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றுபோலத் தெரியும்.

ஸ்விட்சில் நேரம் செலவிட்டது வீண்போகவில்லை. பக்கவாட்டில் மெல்ல அழுத்தும் எலக்ட்ரானிக் பொத்தான் உள்ள டார்ச்சுகள் அணைந்திருக்கும்போதும் செல்லிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டிருக்கும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் அது நிற்கும் என்பார்கள், நிற்கும்தான். ஆனால் பதற்றத்தில் பொத்தானை அழுத்தி, எரியவில்லை என்று தூக்கிப் போடுபவர்களே அதிகம். பின்முனையில் டிக் என்று விழும் இயந்திர ஸ்விட்ச் உள்ளதைத் தேர்ந்தார்கள். அதில் கசியும் மின்சாரம் கிடையாது. கண்ணைப் பறிக்கும் மின்னல் முறை முதல் அழுத்தலிலேயே வந்துவிடாத மாடல் என்பதையும் பார்த்துக்கொண்டார்கள். பனிமூட்டத்தில் மின்னும் விளக்கு எதிரே வருபவருக்குத் தூரத்தை மறைக்கும்.

இதோடு ஏஏ செல்லில் ஓடும் தலைவிளக்கு ஒன்று. இரண்டு கையும் வேண்டிய வேலைக்கு டார்ச் உதவாது. பயணியைப் பிடிக்கச் சொன்னால் அவர் முதுகுப்பக்கம்தான் நிற்பார்.

மாட்டியது: முதல் முறை

தகட்டில் துளை போட உரிமையாளருக்கு மனமில்லை. "ஓட்டை வேண்டாங்கண்ணா, லோன் இன்னும் முடியலை. ஒட்டியே பார்த்துரலாம்" என்றார் ஓட்டுநரிடம். அதனால் ரப்பர் பட்டைக் கிளாம்பின் அடிப்பகுதியை நுரை வகை டபுள் சைடு டேப்பால், தகட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையில் ஒட்டினார்கள்.

சில வாரங்களிலேயே மேல் விளிம்பு பிரிந்து வந்தது. டேப் தரமானதுதான், பரப்பு ஒத்துவரவில்லை. உறை பாலிபுரொப்பிலின், மேலே மணல்போல் சொரசொரப்பு. அந்தப் பிளாஸ்டிக்கில் பிரைமர் பூசாமல் பெரும்பாலான பசைகள் சரியாக ஊன்றாது. சொரசொரப்பின் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களில் காற்று நின்றிருந்தது. பளபளப்புக்குத் தடவும் சிலிகான் பாலிஷின் மிச்சம் வேறு. ஒட்டியதும் டார்ச்சையும் மாட்டிவிட்டார்கள். இவ்வகை டேப் முழு வலு பெற மூன்று நாள் ஆகும். ஒவ்வொரு முறை டார்ச்சை உருவும்போதும் இழுப்பு உரித்தெடுக்கும் திசையில் விழுந்தது. டேப் நேர் இழுப்பைத் தாங்கும், உரிப்பைத் தாங்காது.

இடையில் ஓட்டுநர் தாமே ஒரு மாற்று வழி பார்த்தார்: மின்குழாய் மாட்டும் 25 மி.மீ. பிளாஸ்டிக் கிளிப். கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. வெயிலில் இறுகி, ஒருநாள் உருவும்போது ஒரு காது முறிந்தது. வெல்க்ரோவை யாரும் முயலவில்லை. அதன் பசையும் வெப்பத்தில் இளகி, டார்ச்சை எடுத்தால் அடிப்பட்டையோடு சேர்ந்து வரும்.

இரண்டாம் முறை: போல்ட்

பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுத் தகட்டிலேயே போல்ட் போட உரிமையாளர் ஒப்புக்கொண்டார். சில வேன்களில் பேட்டரியே சீட்டுக்கு அடியில் இருக்கும். ஒயர்க் கட்டும் டீசல் குழாயும் அந்த வழியாகப் போகலாம். எனவே சீட்டைத் தூக்கி, தகட்டின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, ஒயர்க் கட்டை ஓரமாகக் கட்டிவைத்த பிறகே டிரில்லை எடுத்தார்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றினார்கள். சீட்டையும் பெல்ட் கொக்கியையும் பிடிக்கும் மடிப்புகளில் துளை போடக் கூடாது. அவை மோதலில் ஆளைத் தாங்கும் பாகங்கள்.

பொருள்கள்: 16 முதல் 35 மி.மீ. வரை பிடிக்கும் சிறிய ரப்பர் பட்டைக் கிளாம்ப் இரண்டு, 16 மி.மீ. நீள எம்5 துருப்பிடிக்காத போல்ட் இரண்டு, அகல வாஷர் நான்கு, நைலான் வளையம் உள்ள நட் இரண்டு. டிரில் பிட்டில் நுனியிலிருந்து 8 மி.மீ. தள்ளி டேப் சுற்றி, அதற்கு மேல் உள்ளே போகாதபடி செய்தார்கள். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு 5.5. பிசிறை அரம் வைத்துத் தேய்த்து, துளை விளிம்பில் துத்தநாக பிரைமர் தொட்டு, காய்ந்தபின் போல்ட். பின்பக்கம் கை போகாத தகடாக இருந்திருந்தால் எம்5 ரிவெட் நட் போட்டிருக்கலாம். அதற்கு 7 மி.மீ. துளை வேண்டும்.

இரண்டு கிளாம்புகளையும் 80 மி.மீ. இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்கள். மேலுள்ளது டார்ச்சின் கழுத்தைப் பிடிக்காமல் உடலைப் பிடிக்க வேண்டும். பின்முனை ஸ்விட்ச் எதிலும் முட்டக் கூடாது. மாட்டியபின் ஓட்டுநரைச் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னார்கள். முதலில் பட்டையின் நுனி விரலுக்கு அகப்படவில்லை. இரண்டு பட்டை நுனியிலும் ஒரு முடிச்சுக் கயிறு கட்டியதும் சரியானது. இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது: அது பகல் வெளிச்சம் பட்டால்தான் இரவில் ஒளிரும், சீட்டுக்குக் கீழே வெளிச்சம் ஏது?

டேஷ்போர்டு தட்டு காலியானது. ரப்பர் மேட்டுக்குப் பதில் தரைக் கொக்கியில் மாட்டும் மேட் போட்டார்கள். உண்மையில் அன்றைய விபத்தைத் தடுத்திருக்கக்கூடியது இந்த இரண்டு வேலைதான். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆனது.

பிறகு நடந்தவை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பர்லியாறுக்கு மேலே எஞ்சின் சூடு முள் ஏறியது. ஓரங்கட்டி, ஹசார்ட் விளக்கு போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு முன்பாகவே வைத்தார் ஓட்டுநர். வளைவுக்குப் பின்னால் வைத்தால் வருபவருக்கு அது தெரியும்போது வண்டியும் தெரிந்துவிடும், பயனில்லை. டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துப் போனார். பனிமூட்டத்தில் கண் மட்டத்தில் பிடித்தால் ஒளி திரும்பித் தம் கண்ணிலேயே அடிக்கும். தலைவிளக்கைப் போட்டு அடியில் பார்த்தபோது பச்சை நிறச் சொட்டு. கூலன்ட் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. எஞ்சின் ஆறியபின் இறுக்கி, தண்ணீர் ஊற்றி வந்து சேர்ந்தார்கள்.

எதிர்பாராத சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கையெட்டும் இடத்தில் நல்ல டார்ச் இருந்ததால் எல்லாவற்றுக்கும் அதையே எடுக்க ஆரம்பித்தார்கள்: லக்கேஜ் அடுக்க, சீட்டுக்கு அடியில் பயணியின் செருப்பைத் தேட, ஷெட்டில் கணக்கு எழுத. இரண்டு மாதத்தில் லித்தியம் செல் தீர்ந்தது. கிளீனர் பையன் பெட்டிக்கடையில் சாதாரணச் செல் இரண்டு வாங்கிப் போட்டுவிட்டான். எரிகிறதே என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. சோதனைக்குப் பிரித்தபோதுதான் தெரிந்தது, ஒன்றில் கசிவு தொடங்கியிருந்தது. துத்தநாக-கார்பன் கசிவு அமிலத்தன்மை உள்ளது. சமையல் சோடா கரைத்த துணியால் துடைத்தார்கள். ஆல்கலைன் என்றால் அதற்கு எதிர்மாறாக வினிகரோ எலுமிச்சைச் சாறோ. ஸ்பிரிங் தப்பியது.

அதன்பின் அன்றாட வேலைக்கு என்று யுஎஸ்பி சார்ஜ் டார்ச் ஒன்றைத் தனியாக வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்தார்கள். அது போனோடு சேர்ந்து வீட்டுக்குப் போய், போனோடு சார்ஜ் ஆகி, வண்டிக்கு வருகிறது. போல்ட் போட்ட டார்ச்சின் பட்டையில் மெல்லிய கேபிள் டை ஒன்றைப் போட்டார்கள், கையால் இழுத்தால் அறுந்துவிடும் அளவுக்கு. டை அறுந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள், செல்லைப் பார்க்க வேண்டும் என்று பொருள். மாதம் ஒருமுறை டயர் காற்றுப் பார்க்கும் நாளில் டையை வெட்டி, டார்ச்சை எரியவைத்து, புது டை போடுகிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

டேப் முயற்சியைத் தவிர்த்திருக்கலாம். துளை வேண்டாம் என்றால் ஏற்கெனவே இருக்கும் உறை ஸ்க்ரூ ஒன்றில் சிறு தகட்டைப் பிடித்து, அதில் கிளாம்பை மாட்டுவது இடைவழி. அன்றாட டார்ச்சும் அவசர டார்ச்சும் முதல் நாளிலிருந்தே வேறுவேறாக இருந்திருக்க வேண்டும். தலைவிளக்கை இன்னும் முதலுதவிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதன் நெற்றிப்பட்டையின் ரப்பர் வெப்பத்தில் தளரத் தொடங்கியிருக்கிறது. மாற்றுப் பட்டை தேவை. ரப்பர் கிளாம்பும் நிரந்தரமில்லை. பட்டையை மடித்துப் பார்த்து வெடிப்புக் கோடு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

மற்ற இரண்டு வண்டிகளில் ஒன்று இதே வகை வேன், அதற்கு இதே அளவுகளில் மாட்டியாகிவிட்டது. இன்னொன்று பக்க ஏர்பேக் உள்ள கார். அதில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் இணைப்பிகள் ஓடுகின்றன. மஞ்சள் நிறம் பொதுவாக ஏர்பேக் சுற்றைக் குறிக்கும், அதைத் தொடவோ பக்கத்தில் துளை போடவோ கூடாது. கிளவ் பாக்ஸின் உட்பக்கச் சுவரில் கிளாம்பை மாட்டலாம் என்று இடம் பார்த்திருக்கிறார்கள். மூடி இருப்பதால் டார்ச் பறக்காது, டேஷ்போர்டு மேற்பரப்பைவிடச் சூடும் குறைவு. ஆனால் பயணிப் பக்க ஏர்பேக் அதற்கு மேலேயே இருக்கிறது. சர்வீஸ் கையேட்டில் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன போகிறது என்று பார்த்த பிறகுதான் டிரில். அதுவரை அந்தக் காரில் ஓட்டுநரின் யுஎஸ்பி டார்ச் மட்டும், ஜிப் போட்ட பையில்.